புனிதர் திருநாளைப் பிள்ளைகளோடு கொண்டாட எது ஒத்துவரும்? மேஜை, நவநாள், கைவேலை, நாடகம், கொடுத்தல்

திருநாளுக்கு முந்தின இரவு பத்து மணிக்கு அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருப்பது அம்மாவோ அப்பாவோதான். யாருக்காக இத்தனை பாடோ அந்தப் பிள்ளை எப்போதோ தூங்கியிருக்கும். மறுநாள் மாலை கிரீடம் தலையில் நிற்காது, கதை பாதியில் அறுபடும், எல்லோருக்கும் எரிச்சல் வரும். அடுத்த ஆண்டு அந்த நாள் சத்தமில்லாமல் கடந்துபோகும். முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் செய்துவிட நினைக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சாப்பாட்டு மேஜையில் பதினைந்து நிமிடம், அதோடு பிள்ளை தன் கையால் கொடுக்கும் ஒரு பொருள். எந்தப் புனிதருக்கும் எந்த வயதுக்கும் இது பொருந்தும், அடுத்த ஆண்டும் செய்ய முடியும். நவநாள் (ஒன்பது நாள் தொடர் ஜெபம்), கைவேலை, நாடகம் ஆகியவை சில புனிதர்களுக்கு மிக அழகாகப் பொருந்தும், சிலருக்கு ஒட்டவே ஒட்டாது. எது எங்கே ஒட்டும் என்பதுதான் இனி வருவது.

முதலில் நாள்

பிள்ளையின் பாதுகாவலர், அதாவது அது பெயர் தாங்கிய புனிதர், யார் என்பதில் ஆரம்பத்திலேயே குழப்பம் வரும். பிரான்சிஸ் என்று பெயர் வைத்திருந்தால் அசிசியாரா (அக்டோபர் 4), சவேரியாரா (டிசம்பர் 3), சலேசியாரா (ஜனவரி 24)? தெரேசா என்றால் சிறுமலர் தெரேசா அக்டோபர் 1, அவிலா தெரேசா அக்டோபர் 15, கொல்கத்தா அன்னை தெரேசா செப்டம்பர் 5. அந்தோனி என்றால் பெரும்பாலும் பதுவை அந்தோனியார், ஜூன் 13. ஆனால் வனத்து அந்தோனியாருக்கு ஜனவரி 17 தனியாக இருக்கிறது. திருமுழுக்கின்போது யாரை மனதில் வைத்துப் பெயரிட்டார்களோ அவரே பாதுகாவலர். யாரையும் நினைத்து வைக்கவில்லை என்றால், ஏழெட்டு வயதான பிள்ளையிடம் இரண்டு பேரின் கதையையும் சொல்லி அதையே தேர்ந்தெடுக்கவிடலாம். தானே தேர்ந்தெடுத்த புனிதரைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

திருநாள் பெரும்பாலும் அந்தப் புனிதர் இறந்த நாள். விண்ணகத்தில் பிறந்த நாள் என்று திருச்சபை அதைக் கொண்டாடுகிறது. “செத்த நாளுக்கா பண்டிகை?” என்று பிள்ளை கேட்கும், பதிலைத் தயாராக வைத்திருங்கள். விதிவிலக்குகளும் உண்டு. சிறுமலர் தெரேசா இறந்தது 1897 செப்டம்பர் 30, திருநாளோ மறுநாள். இரண்டாம் யோவான் பவுல் 2005 ஏப்ரல் 2-இல் இறந்தார். அவருடைய நாள் அக்டோபர் 22, அதாவது 1978-இல் திருத்தந்தையாகப் பணியேற்ற நாள். இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாரின் நாள் பழைய நாட்காட்டியில் அவர் இறந்த மார்ச் 7 ஆக இருந்தது. அது தவக்காலத்தில் விழுந்துகொண்டே இருந்ததால், 1969-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது ஜனவரி 28-க்கு மாற்றினார்கள். தாத்தா காலத்து ஜெபப்புத்தகத்தில் ஒரு தேதி, இப்போதைய நாட்காட்டியில் வேறு தேதி என்றால் அதற்குப் பெரும்பாலும் அந்தத் திருத்தம்தான் காரணம்.

பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்ற நான்கு படிநிலைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஞாயிறுக்கு வழிவிடும். 2026-இல் அக்டோபர் 4, டிசம்பர் 6 இரண்டுமே ஞாயிறு. அசிசியாரோ டிசம்பர் 6-க்கு உரிய நிக்கோலாஸோ பங்கின் பாதுகாவலராக இருந்தாலொழிய அன்றைய திருப்பலியில் அவர்களுக்கான மன்றாட்டுகள் இருக்காது. வீட்டில் கொண்டாட அது தடையில்லை. “கோயிலில் ஏன் பெயரே சொல்லவில்லை” என்ற கேள்விக்கு மட்டும் தயாராக இருங்கள். புனித சூசையப்பரின் மார்ச் 19 பெருவிழா. அது தவக்கால ஞாயிறில் வந்தால் மறுநாள் திங்களுக்குப் போகும். 2023-இல் அப்படித்தான் 20-ஆம் தேதி கொண்டாடினார்கள். 2027-இல் மார்ச் 19 வெள்ளிக்கிழமை. பெருவிழாவாக இருப்பதால், தவக்கால வெள்ளியானாலும் அன்று புலால் தவிர்க்கும் கடமை இல்லை.

மேஜை

வேண்டியவை நான்கே: துணி, மெழுகுத்திரி, படம், கதை. துணியின் நிறத்தைக் குருவின் திருவுடையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: மறைசாட்சிக்கு (விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவருக்கு) சிவப்பு, மற்றவர்களுக்கு வெள்ளை. நாலு வயதுப் பிள்ளை ஓரிரு ஆண்டில் துணியைப் பார்த்தே “இவரைக் கொன்னுட்டாங்களா?” என்று கேட்கத் தொடங்கும். மெழுகுத்திரி குட்டையாகவும் அடி பருத்ததாகவும் இருக்கட்டும். நீளமான ஒல்லித் திரி சிறுகையின் ஒரு தட்டலில் சாயும். அதை ஊதி அணைக்கவிட்டால் பிறந்தநாள் பாட்டு தானாகக் கிளம்பிவிடும். பெரியவர் ஒருவர் மூடிபோட்டு அணைப்பதே நல்லது.

பெரும்பாலான வீடுகளில் சொதப்புவது கதையில்தான். லிஸ்பனில் 1195-இல் பிறந்தார், பதுவையில் 1231-இல் இறந்தார், ஓராண்டுகூட ஆகாமல் 1232 மே 30 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார் என்று அந்தோனியாரை ஆரம்பித்தால், ஆறு வயதுப் பிள்ளை மேஜைக்கு அடியில் போய்விடும். ஒரு பொருள், ஒரு செயல், அவ்வளவு போதும். மார்ட்டினுக்குப் போர்வை: குளிரில் நின்ற ஒருவருக்கு அதில் பாதியை வெட்டிக் கொடுத்தார். லாரன்சுக்குப் புதையல்: திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவா என்று அதிகாரி கேட்க, அவர் ஏழைகளைக் கூட்டிக்கொண்டுவந்து நிறுத்தினார். தொன் போஸ்கோவுக்குக் கயிறு: சிறுவயதில் கயிற்றின்மேல் நடந்தும் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடித்தும் வித்தை காட்டுவார், வேடிக்கை பார்க்க வந்தவர்களை நடுவில் ஜெபமாலை சொல்ல வைத்துவிடுவார். ஐந்து வயதுக்குக் கீழே மூன்று நிமிடம், பத்து வயதுவரை ஆறேழு நிமிடம். அதற்குமேல் நீண்டால் நீங்கள் உங்களுக்கே கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கதையை “நீயும் அப்படி நல்ல பிள்ளையா இருக்கணும்” என்று முடிக்காதீர்கள். அந்த வரி வரப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த திருநாளில் கதையையே கேட்காது. அதற்குப் பதில் ஒரு கேள்வி போடுங்கள். “போர்வையை முழுசா கொடுத்திருக்கலாமே, ஏன் பாதி?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது.

மறைசாட்சிகளின் மரணத்தை எவ்வளவு சொல்வது? ஆறு வயதுக்குக் கீழே: “இயேசுவை விடமாட்டேன் என்றார். அதற்காக அவரைக் கொன்றுவிட்டார்கள்.” சாவை மறைக்க வேண்டாம், கொன்ற விதத்தை மட்டும் தள்ளிவையுங்கள். ஏழிலிருந்து பத்து வயது என்றால், கேட்டால் சொல்லலாம். கேட்காத பிள்ளையிடம் லாரன்சைத் தீயில் வாட்டிக் கொன்றதாகச் சொல்லப்படும் இரும்புச் சட்டத்தை விவரிப்பதால் ஒரு பயனும் இல்லை. இரவில் விழித்துக்கொண்டு அழுவதுதான் மிச்சம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் இன்னொரு படி ஏறலாம்: எது வரலாறு, எது மரபுக் கதை என்று பிரித்துக் காட்டுவது. சிராக்கூசா நகரின் லூசியா, உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைசாட்சியானவர். தட்டில் இரண்டு கண்களோடு அவரை வரைகிறார்களே, அந்தக் கதை பின்னாளில் வந்து சேர்ந்தது. இதை நீங்களே சொல்லிவிட்டால், பதினாறு வயதில் எங்கோ படித்துவிட்டு “எல்லாம் கட்டுக்கதை” என்று வந்து நிற்காது.

ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒன்று. அதன்பின் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பாதுகாவலர் பெயரையும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்வது. எட்டுப் பெயர் என்றாலும் ஒரு நிமிடம் ஆகாது. மூன்று வயதுக் குழந்தைகூட இரண்டாவது பெயரிலேயே பதிலைப் பிடித்துக்கொள்ளும்; தன் புனிதரின் பெயர் எப்போது வரும் என்று காத்திருக்கும்.

நவநாள்

ஒன்பதாவது நாள் திருநாளுக்கு முந்தின நாளாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு நாள் தவறுவது சர்வசாதாரணம். திருநாள் தேதியிலிருந்து ஒன்பதைக் கழியுங்கள், அதுதான் தொடக்க நாள்: ஜூன் 13-க்கு ஜூன் 4, மார்ச் 19-க்கு மார்ச் 10. மாதம் தாண்டும்போது விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்: அக்டோபர் 1-க்குச் செப்டம்பர் 22, டிசம்பர் 6-க்கு நவம்பர் 27.

எட்டு வயதுக்குமேல் இது நன்றாக நடக்கும். அதிலும் தேர்வு, நோய், வீடு மாற்றம் என்று பிள்ளைக்கே வேண்டிக்கொள்ள ஒரு காரியம் இருந்தால் நீங்கள் நினைவுபடுத்தவே வேண்டாம். காரியம் இல்லாத நவநாள் நாலாம் நாளே படுத்துவிடும். ஆறு வயதுக்குக் கீழே மூன்று நாள் போதும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சொல்லவைத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், ஜெபம் அபராதமாகிவிடும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

கைவேலை

புனிதரின் பெயரை அட்டையில் எழுதி மினுக்குத்தூள் ஒட்டுவது கைவேலைதான், ஆனால் புனிதருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செய்யும் பொருள் அன்று மாலை எதற்காவது பயன்பட வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். லாந்தர் அதில் தேறும். லூசியா என்ற பெயரிலேயே ஒளி இருக்கிறது, லத்தீனில் ‘லூக்ஸ்’ என்றால் ஒளி. டிசம்பர் 13 மாலை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பிள்ளையின் லாந்தர் வெளிச்சத்தில் ஜெபம் சொல்லலாம்.

அரை லிட்டர் கண்ணாடிச் சாடி ஒன்று. வாய், பெரியவர் கை நுழையும் அகலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே விளக்கை வைக்கவும் எடுக்கவும் பாடுபடுவீர்கள். மேலே ஒட்டிய லேபிளை வெந்நீரில் அரைமணி ஊறவைத்துச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் காகிதம் காய்ந்ததும் உரியும். வண்ண டிஷ்யூ பேப்பரைக் கையால் கிழிக்கவிடுங்கள், மூன்று நாலு சென்டிமீட்டர் துண்டுகள். மூன்று வயதுப் பிள்ளையும் கிழிக்கும். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, தூரிகையால் சாடியின் வெளிப்பக்கம் பூசி, துண்டை வைத்து, அதன்மேல் மீண்டும் ஒரு பூச்சு. இரண்டு அடுக்குக்குமேல் போகாதீர்கள், வெளிச்சம் வராது. பிள்ளைகள் எப்போதும் போவார்கள். “இந்தப் பக்கம் முடிஞ்சது” என்று சாடியைத் திருப்பிவிடுவதே வழி. அடிப்பாகத்தில் ஒட்ட வேண்டாம். பசை ஈரத்தோடு செய்தித்தாள்மேல் வைத்தால் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தாள்மேல் வைத்து ஓரிரவு காயவிடுங்கள். டிஷ்யூ பேப்பரின் சாயம் ஈரத்தில் இறங்கும், விரல் இரண்டு நாள் சிவப்பாகவே இருக்கும், பள்ளிச் சட்டை வேண்டாம்.

கைப்பிடிக்கு வளையக்கூடிய கம்பி 60 சென்டிமீட்டர். வாய் விளிம்புக்குக் கீழே ஒருமுறை இறுக்கிச் சுற்றி முறுக்கிவிட்டு, மீதியை மேலே வளைத்து எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். உள்ளே பேட்டரி விளக்கே போடுங்கள். உண்மையான தீபம் என்றால் கண்ணாடியும் கம்பியும் சில நிமிடத்தில் சூடேறும், காகிதத்தின் மேல்விளிம்பு கருகும். எரியும் தீபம் வேண்டும் என்று ஆசையாக இருந்தால், லாந்தர் மேஜையில்தான் இருக்க வேண்டும், பிள்ளையின் கையில் அல்ல. திருநாளுக்கு இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள். அன்றே செய்தால் ஈரச் சாடியைத்தான் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள்.

வேடமும் நாடகமும்

வேடம் போட்டுப் புகைப்படம் எடுப்பதோடு நின்றால் பிள்ளைக்கு நினைவில் நிற்பது உடை அரித்தது மட்டும்தான். நடிக்க ஒரு செயல் இருக்கும் புனிதரைத் தேர்ந்தெடுங்கள். தாமஸ் அக்குவினாரை நடிக்கச் சொன்னால் பிள்ளை மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நவம்பர் 11-க்கு வரும் தூர் நகர மார்ட்டின், இதற்கென்றே பிறந்தவர்போல இருக்கிறார். உரோமைப் படைவீரராக இருந்தபோது, கடும் குளிரில் ஆமியேன் நகர வாயிலில் ஆடையில்லாமல் நின்ற ஒருவரைப் பார்த்து, தன் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். அன்றிரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதித் துணியைப் போர்த்தி நின்றார். அப்போது மார்ட்டின் இன்னும் திருமுழுக்குக்கூடப் பெறவில்லை. (சிற்றாலயத்தைக் குறிக்கும் ‘சாப்பல்’ என்ற சொல்லே, அவருடைய அந்தச் சிறு மேலாடைக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.)

மேலாடைக்கு 140 சென்டிமீட்டர் அகலம், 90 உயரம் உள்ள சிவப்புத் துணி. ஐந்து முதல் ஒன்பது வயதுக்குச் சரியாக வரும். நடுவில் மேலிருந்து கீழாக வெட்டி, இரண்டு பாதியையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, ஐந்து சென்டிமீட்டர் வெல்க்ரோ துண்டுகள் நான்கால் இணைத்துவிடுங்கள். முழு நீளத்துக்கும் வெல்க்ரோ தைத்தால் சின்னக் கையால் பிரிக்க முடியாது, இழுபறியில் நாடகம் நின்றுபோகும். பிரஸ் பட்டன் வைத்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கும். நான்கு துண்டு என்றால் அட்டை வாளை இழுத்ததும் “கர்ர்” என்று ஒரு சத்தத்தோடு பிரியும். அந்தச் சத்தத்துக்காகவே பத்துமுறை நடிப்பார்கள். கழுத்தில் முடிச்சு வேண்டாம், அங்கேயும் வெல்க்ரோதான். யாராவது இழுத்தால் கழன்றுவிட வேண்டும். கழுத்துப் பட்டி மார்ட்டினின் பாதியில் மட்டும் இருக்கட்டும், இரண்டு பாதிக்கும் பொதுவாக வைத்தால் பிரிக்கும்போது கழுத்தைப் பிடித்து இழுக்கும். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் தோலில் படாதபடி வெளிப்புறம் பார்த்துத் தைக்க வேண்டும். வாளைக் காட்சி தொடங்கும் நொடியில் கையில் கொடுத்து, வெட்டியதும் வாங்கிவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

பிச்சைக்காரராக நடிக்க யாரும் வரமாட்டார்கள். அதற்கும் கதையிலேயே வழி இருக்கிறது: முதல் காட்சியில் பிச்சைக்காரராக நின்றவர்தான் இரண்டாம் காட்சியில் அந்தத் துணியோடு இயேசுவாக வருகிறார். இதைச் சொன்னதும் சண்டை தலைகீழாகும். இரண்டு முறை நடித்து வேடத்தை மாற்றிக்கொள்ளவிடுங்கள்.

கொடுத்தல்

எங்கள் பட்டியலில் மேஜைக்கு அடுத்தது இது, வயது கூடக்கூட மேஜையையும் முந்திவிடும். மூன்று இளம்பெண்கள் இருந்த ஏழை வீட்டுக்கு இரவில் யாரும் அறியாமல் பொன்னைப் போட்டுவிட்டுப் போனார் என்று நிக்கோலாசைப் பற்றிய மரபு. அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை பரிசு வாங்குவதோடு மட்டும் நின்றால் கதை பாதியிலேயே நிற்கிறது.

கெடுவது மூன்று இடத்தில். பெற்றோரே பொருளைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள், பிள்ளை தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க மட்டும் செய்யும். அது கூரியர் வேலை. அல்லது உடைந்ததையும் அலுத்ததையும் கொடுக்கும். அல்லது கொடுப்பதைப் படம் எடுத்து வாங்குபவரைக் கூனிக் குறுக வைப்போம். ஆகவே ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். வாங்கப் போகிறவர்களுக்கு எது தேவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், விளையாட்டுப் பொருள் குவிந்து கிடக்கும் இடத்துக்குப் போர்வைதான் வேண்டியிருக்கும். பிறகு ஒரு காலிப் பெட்டியைப் பிள்ளையின் அறையில் வையுங்கள், ஒரே ஒரு பொருள், அதன் விருப்பம். விதி ஒன்றுதான்: “இதை உனக்கு யாராவது கொடுத்தால் சந்தோஷப்படுவாயா?” சட்டை என்றால் துவைத்து, பொத்தானும் ஜிப்பும் பார்த்து, பொம்மை என்றால் பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்து. கடைசி நாள் மனம் மாறிப் பிள்ளை பொருளைத் திரும்ப எடுத்தால் விட்டுவிடுங்கள். பறித்துக் கொடுத்தது கொடுத்ததாகாது. பத்து வயதுக்குமேல் பொருளுக்குப் பதில் நேரத்தைக் கேட்கலாம்: முதியவர் ஒருவரோடு ஒரு மணி நேரம், கைபேசி இல்லாமல்.

கோயிலும் கூட்டமும்

பெருவிழா என்றால் திருப்பலிக்குப் போவதே கொண்டாட்டம், வீட்டில் மெழுகுத்திரி மட்டும் போதும். பல குடும்பங்கள் சேர்ந்து கொண்டாடினால் நாடகம் களைகட்டும், கொடுத்தலும் பெரிதாகச் செய்யலாம். கதைதான் அடிபடும், பத்துப் பிள்ளைகளுக்குமேல் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சொல்ல முடியாது, வயதுவாரியாக இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

வீட்டில் நான்கும் பன்னிரண்டும் சேர்ந்திருந்தால், மூத்ததிடம் கதையை ஒப்படையுங்கள். பன்னிரண்டு வயதில் மேஜையில் உட்கார்ந்து கதை கேட்கச் சொன்னால் முகம் சுளிக்கும். சொல்லச் சொன்னால் இரண்டு நாள் முன்பே படிக்கத் தொடங்கும். சிறுசு மேஜைத் துணியை விரிக்கட்டும். ஆண்டுக்கு எத்தனை திருநாள் என்றால், ஒவ்வொரு பிள்ளையின் பாதுகாவலருக்கும் ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. இரண்டு பிள்ளை வீட்டுக்கு மூன்று. அதற்குமேல் போனால் டிசம்பர் மாதமே உங்களை விழுங்கிவிடும். 3, 6, 13 என்று வரிசையாக நிற்கிறார்கள்.

அன்றிரவே துணி, மிச்சத் திரி, படம், மேலாடை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, மேலே புனிதரின் பெயரையும் அடுத்த ஆண்டு அது என்ன கிழமை என்பதையும் எழுதிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து விளக்கைக் கெடுக்கும். கதையின்போது பிள்ளை கேட்டு, நீங்கள் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி ஏதாவது இருந்தால் அதையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அதே பெட்டிக்குள் போடுங்கள். அடுத்த ஆண்டுக் கதையை அங்கிருந்து தொடங்கலாம்.